சாண்டா ஃபே போகும் வழியில் ஒரு சாவடி

சான் அன்டோனியோவிலிருந்து சாண்டா ஃபே வரை சாலை வழியாகப் போகலாம் என்பது என் யோசனைதான். இரண்டுமே ஸ்பெயின்காரர்கள் காலத்துப் பழைய ஊர்கள். நடுவே பாலைவனமும் மலைகளும். பள்ளிக்கு வசந்தகால விடுமுறை விட்டிருந்தது. டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் ஆறு வருடமாக இருந்தும், வீடு, அலுவலகம், மளிகைக் கடை தவிர மகளுக்கு நான் எதையும் காட்டியதில்லை.

விமானத்தில் போகலாமே என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு, என் பெயரை வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் வரிசையில் நிற்பது பெரும்பாடாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் என்னைத் தனியாகக் கூப்பிடுவார்கள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நிற்பதை, ஏற்கனவே உள்ளே போய்விட்ட மகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். சாலையில் யாரும் பெயர் கேட்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

இன்னொரு குடும்பமும் எங்களோடு வந்தது. நண்பர் திருச்சிக்காரர், கத்தோலிக்கர். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பக்கத்து அபார்ட்மெண்டில் இருந்தவர். அவர் என்னை பாய் என்பார், நான் அவரை மச்சான் என்பேன். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. இரண்டு வேன்கள், ஆளுக்கொரு வாக்கி டாக்கி. வழியெல்லாம் அவர் குரல் எங்கள் வண்டிக்குள் கரகரத்துக்கொண்டே வந்தது.

"பாய், வண்டிய ஓட்டுறியா தள்ளுறியா? பின்னாடி ட்ரக்குக்காரன் உனக்காக ஜெபமாலை சொல்லிட்டு வரான்."

"ஸ்பீட் லிமிட்ல வரேன் மச்சான்."

"அது லிமிட்டுப்பா. அதுக்கு மேல போகக் கூடாதுன்னுதான் அர்த்தம். அதையே பிடிச்சுத் தொங்கணும்னு இல்ல."

பின்சீட்டில் மகள் சிரிப்பாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. டல்லாஸில் பிறந்தவள். நாங்கள் தமிழில் பேசுவதெல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். நான் வேகமாக ஓட்டாததும், கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பதும் அவளுக்கு வீட்டு ஜோக். அதை நானும் விரும்பித்தான் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பயந்தாங்கொள்ளி அத்தா, ஆனால் அத்தா இருக்கும்வரை எதுவும் தப்பாகப் போகாது. அந்த எண்ணம் அவளிடம் இருக்க வேண்டும் என்பதே எனக்கு முக்கியமாக இருந்தது.

அதனால் தயாரிப்பில் குறை வைக்கவில்லை. ரைஸ் குக்கர், பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல், என் மனைவி வறுத்து எடுத்த நெத்திலிக் கருவாடு, பெருங்காயம் தூக்கலான எலுமிச்சை ஊறுகாய், பாலைவனத்துக்கென்று தனியாகத் தண்ணீர்க் கேன்கள், இன்ஜினுக்கு கூலன்ட். இரண்டு தொழுகை விரிப்பு. மோட்டல் குளியலறைகளுக்காக ஒரு நீல பிளாஸ்டிக் மக். எங்கள் ஆட்கள் யார் எங்கே கிளம்பினாலும் பெட்டியில் ஒரு மக் இருக்கும். அதைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

எடுத்து வைக்காதது ஒன்றுதான்: பாஸ்போர்ட்டுகள். மறந்துவிடவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன். கலிபோர்னியா போன அலுவலகத் தோழர் ஒருவரின் காரை உடைத்துக் குடும்பத்துப் பாஸ்போர்ட்டையெல்லாம் தூக்கிப்போய்விட்டார்கள். அவர் மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருந்தேன். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் காத்திருந்த நேரம். ஆகவே பாஸ்போர்ட், விசாக் கடிதம், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வங்கி லாக்கரில், மனைவியின் நகைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு செட் நகலும் எடுத்தேன். நகலையும் அதே லாக்கரில் வைத்தேன். நாம் என்ன மெக்சிகோவுக்கா போகிறோம், உள்ளூருக்குள்தானே.

சான் அன்டோனியோவின் பழைய மிஷன் தேவாலயங்களில் ஒன்றில் நண்பரின் மனைவி முழந்தாளிட்டு ஜெபித்தார். பிள்ளைகள் கிணற்றடியில் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் மேற்கே திரும்பினோம். மரங்கள் குட்டையாகி, புதராகி, பிறகு புதரும் அங்கொன்று இங்கொன்றாகிப் போனது. மேடைபோல உச்சி தட்டையான குன்றுகள். சாலை ஒரே நேராகப் போய் வானத்தில் முடிந்தது. எல் பாசோவில் தங்கிய மோட்டலின் மாடியிலிருந்து, ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோவின் மலைச்சரிவில் அப்பிக்கிடந்த வீடுகள் தெரிந்தன. காலையில் அதைக் காட்டி, "அது வேற நாடு" என்று மகளிடம் சொன்னேன். "இட் லுக்ஸ் தி சேம்" என்றாள்.

அங்கிருந்து லாஸ் க்ரூசஸ். ரம்பப் பற்கள்போல ஒரு மலை ஊருக்குப் பின்னால் நிற்கிறது. அதைத் தாண்டி வடக்கே ஏறியபோது வாக்கி டாக்கி கரகரத்தது.

"பாய், முன்னாடி எல்லாரையும் எக்ஸிட்ல இறக்கி நிறுத்துறான். ஏதோ செக்கிங். கிரீன் கார்டு பாத்தான், போன்னுட்டான். ஒண்ணுமில்ல, வா."

மனைவி என்னைப் பார்த்தாள். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வண்டிகள் ஒற்றை வரிசையில் போய்க்கொண்டிருந்தன, திரும்ப இடமில்லை. நாட்டின் எல்லையை விட்டு உள்ளே வந்த பிறகும் சாலையில் இப்படி ஒரு சாவடி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எல்லையோர ஊர்களிலிருந்து வருகிற எல்லோரையும் அங்கே நிறுத்திக் கேட்கிறார்களாம். நாங்கள் தங்கியிருந்ததோ எல்லையின் மீதே.

பச்சைச் சீருடையில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் குனிந்து, எல்லோரும் குடிமக்களா என்றார். மகள் மட்டும் என்றேன். நாங்கள் வேலை விசா. பாஸ்போர்ட் கேட்டார்.

"இட் ஈஸ் இன் தி பேங்க், சார்."

"இன் தி பேங்க்?"

"லாக்கர், சார். ஃபார் சேஃப்டி."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இதுவரை இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, ஓரமாக இருந்த கொட்டகைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னார்.

அங்கே மோப்ப நாய் ஒன்றைக் கூட்டி வந்தார்கள். அது வேனை ஒரு சுற்றுச் சுற்றி, பின்கதவருகே வந்து உட்கார்ந்துவிட்டது. கருவாடா, பெருங்காயமா, அதற்கு என்ன பட்டதோ தெரியாது. சாமான் முழுவதையும் இறக்க வேண்டும் என்றார்கள்.

நீளமான இரும்பு மேசை. கையுறை போட்ட இளம் அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குக்கர், அரிசிப் பை, ஊறுகாய் பாட்டில், சுருட்டிய தொழுகை விரிப்புகள், மனைவியின் உள்பாவாடைகள். பாலைவனக் காற்று பாவாடையைத் தூக்க, அவள் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தாள். அங்கேயே நில்லுங்கள் என்றார்கள். நண்பர், எங்களைக் காணோமே என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டு மனைவி, மகளோடு நடந்தே திரும்பி வந்திருந்தார். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்களை நிறுத்தினார்கள்.

இளம் அதிகாரி மக்கைக் கைப்பிடியில் தூக்கிப் பிடித்து, உள்ளே பார்த்தார். என் ஆங்கிலத்தைவிட மகளின் ஆங்கிலம் அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். அவளிடம்தான் கேட்டார், இது எதற்கு என்று.

அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் வகுப்புத் தோழியைப் பார்த்தாள். பிறகு, "இட்ஸ் ஃபார் ப்ளாண்ட்ஸ்" என்றாள்.

"செடி இருக்கிறதா வண்டியில்?" அதிகாரி நிமிர்ந்தார். செடிகளை அங்கே கொண்டுபோகக் கூடாதோ என்னவோ, வேனுக்குள் மறுபடி ஏறி, கால்மிதிகளையும் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

அதிகாரியிடம் பொய் சொன்னால் கிரீன் கார்டு போய்விடும் என்று யார் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். என் மகள் சொன்ன பொய் என் கணக்கில்தான் எழுதப்படும். கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"நோ சார், நோ ப்ளாண்ட்ஸ். ஷி ஈஸ் ஷை, சார். இட் ஈஸ் ஃபார் டாய்லெட். வி யூஸ் வாட்டர், சார். ஆஃப்டர். வி டோன்ட் லைக் பேப்பர் ஒன்லி."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கையால் ஊற்றுவதுபோல வேறு காட்டினேன்.

இளம் அதிகாரி முகம் சிவந்து மக்கைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் புது ஜோடி போட்டுக்கொண்டார். நண்பரின் மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மகள் என்னைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு என் பெயரை எங்கோ தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொன்னார்கள். அதே பெயரில் வேறு யாரோ இருக்கிறார்கள்போல, பிறந்த தேதியை மறுபடி மறுபடி கேட்டார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு பெஞ்ச். வெயில் கொட்டகைக்குள் நகர்ந்து வந்தது. முதலில் எங்களை நிறுத்திய அதிகாரி வந்து, தன்மையாகத்தான் சொன்னார்: எங்கள் விஷயம் முடிய நேரமாகும், ஒருவேளை வேறு அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கலாம். பெண் குடியுரிமை உள்ளவள், அவள் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்குச் சம்மதமானால் அந்த நண்பர்களோடு போகலாம்.

வேறு அலுவலகம் என்றதும் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள். நான் மகளைப் பார்த்தேன். "அம்மாகூட இருக்கியா, ஆன்ட்டிகூடப் போறியா?" என்று கேட்டேன். இருக்கிறேன் என்று சொல்வாள் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

எழுந்து போய்விட்டாள். மஞ்சள் கோட்டைத் தாண்டும்போதும் திரும்பவில்லை.

"பாய், பாப்பாவ நாங்க பாத்துக்கறோம்" என்று நண்பர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "இங்க நிக்க விடமாட்டேங்கறான். அடுத்த ரெஸ்ட் ஏரியால நிப்போம். நீ டென்ஷன் ஆகாத."

அவர்கள் வேன் மேட்டில் ஏறி மறைந்தது. எங்கள் மகள் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள், நாங்கள் பெஞ்சில் இருக்கிறோம். மனைவி உதட்டுக்குள் ஓதிக்கொண்டே இருந்தாள். சத்தமாக ஓதாதே என்று சொன்னேன். அதையும் சொன்னேன்.

மதியம் சாய்ந்த பிறகு விட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் இந்தக் காகிதங்களை எப்போதும் கையில் வைத்திருப்பது சட்டம் என்று எடுத்துச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். நான் பலமுறை நன்றி சொன்னேன். சாமான்களை நாங்கள்தான் திரும்ப ஏற்றினோம்.

வண்டியைக் கிளப்பிச் சிறிது தூரம் வந்ததும் வாக்கி டாக்கி பொரியத் தொடங்கியது. அவர்கள் பக்கத்தில் யாரோ பொத்தானை அழுத்தியபடி உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் சிரிப்பு. பிறகு என் மகளின் குரல், ஆனால் என் உச்சரிப்பில்.

"நோ சார், நோ ப்ளாண்ட்ஸ் சார். வி யூஸ் வாட்டர், சார். ஆஃப்டர், சார்."

தோழி மூச்சு முட்டச் சிரித்தாள். "அடி, அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று நண்பரின் மனைவி சொன்னார். அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்" என்று தோழி கேட்டாள். மகள் மறுபடி செய்தாள். இந்த முறை லாக்கரையும் சேர்த்துக்கொண்டாள். நன்றாகவே செய்தாள். ஒவ்வொரு சாருக்கும் நான் தலையை ஆட்டியிருக்கிறேன் என்பது குரலிலேயே தெரிந்தது.

மனைவி கையை நீட்டி வாக்கி டாக்கியை அணைக்கப் போனாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே போனோம். அணைத்திருந்தால் மகளின் குரலும் போயிருக்கும்.

"பயந்துட்டா. அதான்" என்றாள் மனைவி, கொஞ்ச தூரம் போன பிறகு.

சாலையோர ரெஸ்ட் ஏரியாவில் மகள் இறங்கி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம், "ஹாய் அத்தா" என்றாள். எங்கள் வண்டியின் முன்பக்கத்தில் இன்னும் பொரிந்துகொண்டிருந்த வாக்கி டாக்கியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. நண்பரின் வேனுக்கே திரும்பிப் போய் ஏறிக்கொண்டாள்.

சாண்டா ஃபே அழகான ஊர். மண் நிறத்தில் மூலைகள் மழுங்கிய வீடுகள், சதுக்கத்தின் ஓரத்தில் துணி விரித்து நகை விற்பவர்கள், ஊருக்குப் பின்னால் மார்ச் மாதத்திலும் பனி மூடிய மலை. எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. சீருடை போட்ட யாரைக் கண்டாலும், அருங்காட்சியக வாசலில் டிக்கெட் கிழிப்பவராக இருந்தாலும், என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மகள் தோழியோடு எங்களுக்கு முன்னால் நடந்தாள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். நண்பர் எல்லாவற்றையும் சரிக்கட்டப் பார்த்தார்.

"விடு பாய். நம்ம ஊர்ல செக்போஸ்ட்ல நிக்காதவனா நீ? அங்க வெள்ளரிக்கா விப்பான், இங்க விக்கல. அவ்ளோதான் வித்தியாசம்."

நான் சிரித்தேன். அவருக்குக் கார்டு இருக்கிறது என்று மனதுக்குள் ஓடியது. அப்படி ஓடியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

திரும்புவதற்கு வேறு வழியைப் பிடித்தோம். கிழக்கே இறங்கி, அமரில்லோ வழியாக. அந்தச் சாலையில் சாவடி ஏதும் இல்லை என்று மோட்டல்காரரிடமும் பெட்ரோல் போட்ட இடத்திலும் கேட்டுக்கொண்டேன். அன்று காலை மகள் எங்கள் வேனில் ஏறினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மலைகள் பின்னால் போய்த் தரை தட்டையானது.

பிறகு அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். "அவர்கள் உங்களை அங்கேயே வைத்திருந்தால், நான் என்ன செய்திருக்க வேண்டும்?"

"அப்படியெல்லாம் ஆகாதும்மா" என்றேன்.

"அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள் மனைவி.

சொல்லிப் பார்த்தேன். அங்கிள் வீட்டில் இருக்க வேண்டும். சென்னைக்கு, என் அண்ணனுக்கு, அவளுடைய பெரியத்தாவுக்குப் போன் செய்ய வேண்டும்.

"தென்?"

"ஸ்கூலுக்குப் போகணும். எப்பவும் போல."

"எவ்வளவு நாள்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். கூலன்ட் தீர்ந்தால் என்ன செய்வது என்று யோசித்தவன், இதை ஒருமுறையும் யோசித்ததில்லை. அவள் யோசித்திருக்கிறாள். அந்த வேனில் உட்கார்ந்து என்னைப்போலப் பேசிக்காட்டியபோதும் யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அங்கிள் ஆன்ட்டி என்னை வைத்துக்கொள்வார்களா? அவர்களிடம் நீங்கள் கேட்டீர்களா?"

"கேக்கணுமா? அவங்க வச்சுப்பாங்கம்மா."

"ஆனா நீங்க கேக்கல" என்றாள். தமிழில் சொன்னாள். "ஆஸ்க் தெம்."

அடுத்த ஊரில் பெட்ரோலுக்கு நிறுத்தினோம். நண்பர் தன் வேனுக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் முன்பு வேலை கேட்டு நின்றபோதுகூட எனக்கு நாக்கு அப்படி ஒட்டிக்கொண்டதில்லை. காற்று பலமாக இருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எங்களுக்கு ஏதாவது ஆனால், எங்களைப் பிடித்து வைத்தால், அனுப்பிவிட்டால், பிள்ளை கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் இருக்கலாமா.

நான் கேட்டது அவருக்கு வேடிக்கையாகத் தோன்றும், ஏதாவது கேலி செய்வார், அதைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் கேலி செய்யவில்லை. துடைப்பதை நிறுத்திவிட்டுத் தன் மனைவி இருந்த பக்கம் பார்த்தார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன் பாய்" என்றார். "வேணாம்னு சொல்லமாட்டா. ஆனா கேக்கணும்ல."

"கேக்கணும்" என்றேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்துப் பேசினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிச்சை கேட்டவன்போல இருந்தது. ஆனால் கேட்காமலே இத்தனை வருடம் அவர்களை நம்பி ஓட்டியது அதைவிடக் கேவலம் என்றும் பட்டது. நண்பரின் மனைவி இறங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது. அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, என்னாலும் அவர் முகத்தை.

"எத்தனை நாளா இருந்தாலும்ண்ணே" என்றார். "அன்னிக்குச் சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க."

வேனுக்குத் திரும்பினேன். மகள் கடைசி வரிசையிலிருந்து முன்னால் வந்து, எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கி வைத்திருந்தாள்.

"வாட் டிட் தே சே?"

"சரின்னாங்க."

"ஆன்ட்டியுமா?"

"ஆன்ட்டியும்தான்."

அவள் தலையாட்டினாள். பிறகு சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பெரியத்தா வீட்டுப் போன் நம்பரைச் சொல்லச் சொன்னாள். நான் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். ஒரு எண் தவறியது, மறுபடி சொல்லச் சொன்னாள். டெக்சாஸ் மாநில எல்லையைத் தாண்டும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.